கண்டவர் யார்? வால்மீன் கண்டுபிடிப்பில் வானியல் ஆர்வலர்களின் முன்னுரிமையும் பெயரும்

ஆய்வுச்சுருக்கம்

வானியலைத் தொழிலாகக் கொள்ளாத உழவர், நூலகர், நிழற்படக்கூடப் பணியாளர், ஆலைத் தொழிலாளி எனப் பலதரப்பட்டோர் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் வால்மீன்களைக் கண்டுபிடித்துள்ளனர். இக்கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் தனிமனித ஊக்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவற்றை முன்னுரிமை, அறிவிப்பு, பெயரிடல் ஆகியவற்றின் வரலாறாக நோக்குகிறது. காணல், அறிவித்தல், உறுதிப்படுத்தல் என்னும் மூன்று செயல்களும் நிறைவேறிய நிலையிலேயே ஒருவர் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டார் என்பதையும், அஞ்சல், தந்தி, மின்னஞ்சல், இணையம் எனச் செய்தி சென்ற வழி மாறுந்தோறும் அந்த ஏற்பின் எல்லையும் மாறியது என்பதையும் தேர்ந்தெடுத்த நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வால்மீன், வானியல் ஆர்வலர், முன்னுரிமை, பெயரிடல், அறிவியல் வரலாறு.

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் வால்மீன் தீநிமித்தமாகவே இடம்பெறுகிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 117ஆம் பாடலில் அது ‘தூமம்’ எனவும், சிலப்பதிகார நாடுகாண் காதையில் ‘புகைக்கொடி’ எனவும் சுட்டப்படுகிறது. அத்தகைய தீக்குறி தோன்றினும் நாட்டின் வளம் குன்றாது என்பதே இவ்விரு இடங்களிலும் கூறப்படும் கருத்து. நிமித்தம் நாட்டுக்கும் வேந்தனுக்கும் உரியது. எனவே அதை முதலில் கண்டவர் யார் என்னும் வினா அச்சூழலில் எழவில்லை. பிற பண்பாடுகளின் பழம்பதிவுகளிலும் பெரும்பாலும் இந்நிலையே காணப்படுகிறது.

அவ்வினா எழுவதற்கு வால்மீன் பற்றிய அறிவு மாறவேண்டியிருந்தது. 1577இல் தோன்றிய வால்மீன் நிலவுக்கு அப்பால் உள்ளது என டைக்கோ பிராகே காட்டினார். 1705இல் எட்மண்ட் ஹாலி, 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை ஒரே வால்மீனே என்று கூறி, அது மீண்டும் 1758 அளவில் வரும் எனக் கணித்தார். இதன்பின் வால்மீன் வகுத்தறியத்தக்க பாதையுடைய வான்பொருள் ஆயிற்று. ஒரு பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று வெவ்வேறு நேரங்களில் அப்பொருளின் இருப்பிடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். முதல் நோக்கல் எவ்வளவு முந்தியதோ அவ்வளவுக்குப் பாதைக் கணக்கு உறுதிபெறும். ஆகவே முதலில் கண்டவரின் நாளும் நேரமும் அறிவியல் தரவுகள் ஆயின. முன்னுரிமை என்பது புகழ் சார்ந்த செய்தியாக மட்டுமன்றிக் கணக்கு சார்ந்த செய்தியாகவும் மாறியது இவ்வாறே.

உழவரும் வாயிற்காவலரும்

ஹாலி கணித்த வால்மீனின் வருகையை முதலில் கண்டவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரை அடுத்த புரோலிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த உழவர் யோகான் கேயோர்க் பாலிட்ச். அவர் 1758 டிசம்பர் 25 இரவில் அதைக் கண்டார். பாரிஸில் பணியாற்றிய சார்ல் மெசியே, 1759 ஜனவரி 21 அன்று தாமே தனித்துக் கண்டார். ஆனால் அவருடைய மேலாளரான டெலில், அச்செய்தியை வெளியிட இசையவில்லை. செய்தி வெளிவந்தபோது ஏற்கெனவே அந்த முதன்மை உழவருக்கு உரியதாகியிருந்தது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தவர் வாய்ப்பை இழக்க, எந்த நிறுவனத்தையும் சாராதவர் அதைப் பெற்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும் வால்மீன் பாலிட்சின் பெயரைப் பெறவில்லை. அதன் வருகையைக் கணித்த ஹாலியின் பெயரே அதற்கு நிலைத்தது.

கணித்தவரின் பெயர் கண்டவரின் பெயரை மறைக்கும் இம்மரபு, என்கே வால்மீனில் மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. அதை 1786இல் பியர் மெஷேன், 1795இல் கரோலின் ஹெர்ஷல், 1818இல் ஜான் லூயி போன்ஸ் ஆகியோர் கண்டனர். வெவ்வேறு ஆண்டுகளில் தோன்றியவை ஒன்றே எனக் கணக்கால் காட்டியவர் யோகான் என்கே. போன்ஸ் 1789இல் மார்சே வான்காணகத்தில் வாயிற்காவலராகப் பணியில் சேர்ந்தவர். பின்னர் 37 வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். என்கே தாமே அதைப் போன்ஸின் வால்மீன் என்றே குறிப்பிட்டு வந்தார். ஆயினும் அறிவுலகம் என்கேயின் பெயரையே ஏற்றது. கண்ணால் உழைத்தவரைவிடக் கணக்கால் உழைத்தவர் உயர்ந்தவர் என்னும் மதிப்பீடு இப்பெயரிடலில் உறைந்துள்ளது எனலாம்.

கரோலின் ஹெர்ஷல் அறிவித்தலின் இன்றியமையாமையை நன்கு உணர்ந்தவர். 1786 ஆகஸ்ட் 1 அன்று தம் முதல் வால்மீனைக் கண்டதும், தமையன் வில்லியம் ஊரில் இல்லாத நிலையில், மறுநாளே ராயல் சொசைட்டியின் செயலர் சார்ல்ஸ் பிளாக்டனுக்கு மடல் எழுதினார். 1797 ஆகஸ்டில் தம் எட்டாவது வால்மீனைக் கண்டபோது மடலையும் நம்பவில்லை. குதிரையேறிக் கிரீனிச் வான்காணகத்துக்கு நேரில் சென்று அரச வானியலாளர் மாஸ்கலினிடம் தெரிவித்தார்.

முதல் அஞ்சலும் பொற்பதக்கமும்

1831இல் டென்மார்க் அரசர், தொலைநோக்கி வழியாகப் புதிய வால்மீனை முதலில் காண்பவருக்குப் பொற்பதக்கம் வழங்குவதாக அறிவித்தார். கண்டவர் முதல் அஞ்சலிலேயே குறித்த ஐரோப்பிய வானியலாளருக்குச் செய்தி அனுப்பவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அறிவித்தலைக் கண்டுபிடிப்பின் உறுப்பாக எழுத்துவழி வரையறுத்த வகையில் இவ்விதி வரலாற்று முதன்மை உடையது.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் நூலகராகப் பணியாற்றிய மரியா மிட்செல், 1847 அக்டோபர் 1 இரவில், தம் தந்தை காசாளராக இருந்த வங்கியின் மாடியிலிருந்து ஒரு வால்மீனைக் கண்டார். அச்செய்தியை உடனே வெளியிட அவர் தயங்கினார். தந்தை வில்லியம் மிட்செல்தாம் அக்டோபர் 3 நாளிட்ட மடலில் ஹார்வர்டு வான்காணகத்தின் வில்லியம் பாண்டுக்கு அதைத் தெரிவித்தார். அதே அக்டோபர் 3இல் ரோமில் பிரான்செஸ்கோ தெ விக்கோ அவ்வால்மீனைக் கண்டு அறிவித்தார். ஐரோப்பாவில் அவரே கண்டுபிடிப்பாளராகக் கருதப்பட்டார்.

காணலில் மிட்செல் இரண்டு நாள் முந்தியவர். ஆனால் விதிப்படி ஐரோப்பாவுக்கு முதல் அஞ்சலில் அறிவிக்காதவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்டு எவரெட் இச்சிக்கலை டேனிய அரசின் பார்வைக்குக் கொண்டுசென்றார். 1848இல் பதக்கம் மிட்செலுக்கே வழங்கப்பட்டது. அவ்வாண்டே அமெரிக்கக் கலை, அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அங்கு அப்பேறு பெற்ற முதல் பெண் அவரே. 1865இல் வாசர் கல்லூரியின் வானியல் பேராசிரியர் ஆனார்.

இந்நிகழ்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, ஐரோப்பிய மையங்களிலிருந்து தொலைவில் வாழ்ந்தவருக்கு அஞ்சல் விதி இயல்பிலேயே பாதகமானது. மற்றொன்று, அப்பாதகத்தைக் கடக்கத் தனியொருவரின் உண்மை போதவில்லை. அவருக்காகப் பேச ஒரு பல்கலைக்கழகமும் அதன் தலைவரும் தேவைப்பட்டனர். அத்தகைய துணை வாய்க்காத பிறரின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க மிட்செலின் வெற்றியே இடந்தருகிறது.

கடலும் தந்தியும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள வின்சர் என்னும் ஊரைச் சேர்ந்த ஜான் டெபட், 1861 மே 13 அன்று கப்பலோட்டிகள் பயன்படுத்தும் சிறு தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டார். அக்காலத்தில் ஆஸ்திரேலியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் தந்தித் தொடர்பு இல்லை. செய்தி கப்பலில் சென்றுகொண்டிருந்தபோதே, ஜூன் மாத இறுதியில் அவ்வால்மீன் வடகோளத்து வானில் பேரொளியுடன் தோன்றியது. ஐரோப்பியர் அதை எதிர்பாராத விருந்தாகவே கண்டனர். வால்மீன் தன்னைப் பற்றிய செய்தியைவிட விரைவாகப் பயணம் செய்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1881 மே 22 அன்று டெபட் மற்றொரு பெரிய வால்மீனைக் கண்டார். இதற்கிடையே 1872இல் ஆஸ்திரேலியா உலகத் தந்தி வலையமைப்புடன் இணைந்திருந்தது. இம்முறை வடகோளத்து வானியலாளர்கள் ஆயத்தமாக இருந்தனர். அவ்வால்மீனின் நிழற்படமும் நிறமாலைப் படமும் எடுக்கப்பட்டன. கண்டவர் ஒருவரே, ஊரும் ஒன்றே. செய்தி சென்ற வழி மாறியதால் கண்டுபிடிப்பின் அறிவியல் பயன் பன்மடங்கு பெருகியது. 1882இல் ஜெர்மனியின் கீல் நகரில் வானியல் தந்திகளுக்கான நடுவண் நிலையம் தோன்றியது. பின்னர் கோபன்ஹேகனுக்கும், 1965இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜுக்கும் மாறிய அப்பணியகமே, யார் முதலில் கண்டார் என்பதைத் தீர்மானிக்கும் அவையாக நெடுங்காலம் விளங்கியது.

இதே காலத்தில் பெயரோடு பணமும் சேர்ந்தது. ராச்செஸ்டர் நகரின் மருந்து வணிகர் எச். எச். வார்னர், அமெரிக்காவிலிருந்து புதிய வால்மீனைக் கண்டுபிடிப்பவருக்கு 200 டாலர் பரிசு அறிவித்தார். நாஷ்வில் நகரில் வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே நிழற்படக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, 1881 முதல் பெற்ற பரிசுகளைக் கொண்டு தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். அது ‘வால்மீன் வீடு’ எனப்பட்டது. கடன் தவணை நெருங்கும்போதெல்லாம் ஒரு வால்மீன் கிடைத்து உதவியதாக அவரே நினைவுகூர்ந்துள்ளார். அவர் பின்னர் லிக் வான்காணகத்தில் பணியேற்று, 1892இல் வியாழனின் ஐந்தாம் நிலவைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் நிழற்படத்தின் வழி முதன்முதலாக ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஆர்வலர் தொழில்முறை வானியலுக்குள் நுழைய வால்மீன் வாயிலாக அமைந்ததற்குப் பர்னார்டு சிறந்த சான்று.

பெயரற்ற வால்மீன்

1910 ஜனவரியில், ஹாலி வால்மீனை உலகம் எதிர்நோக்கியிருந்த நிலையில், அதைவிட ஒளிமிக்க மற்றொரு வால்மீன் தோன்றியது. ஜனவரி 12 அளவில் விடியற்பொழுதில் அதைக் கண்டவர்களுள் முற்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் சுரங்கத் தொழிலாளர்கள். ஜனவரி 17 அன்று ஜோகன்னஸ்பர்க் வான்காணகத்தின் ராபர்ட் இன்னெஸ் அதை உறுதிப்படுத்தினார். தோன்றும்போதே வெறுங்கண்ணுக்குப் புலனாகியதால் பலர் தனித்தனியே கண்டனர். எனவே அது எவர் பெயரையும் பெறாமல், ‘ஜனவரிப் பெருவால்மீன்’ என்றே வழங்குகிறது.

பலர் கண்டதால் ஒருவருக்கு உரிமையில்லை என்பது முறையான விளக்கமே. எனினும் முதலில் கண்ட தொழிலாளர்கள் பெயரற்ற கூட்டமாகவும், பின்னர் கண்ட வானியலாளர் பெயருடைய தனிமனிதராகவும் பதிவாகியிருப்பது நோக்கத்தக்கது. அவர்களிடம் காணல் இருந்தது. அதை நாளும் நேரமும் இருப்பிடமும் குறித்த அறிவியல் மொழியில் பெயர்த்தனுப்பும் வாய்ப்பு இல்லை. காணல் மட்டும் கண்டுபிடிப்பு ஆவதில்லை என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஜப்பானிய மரபு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வால்மீன் தேடலில் ஜப்பானிய ஆர்வலர்கள் முன்னணியில் நின்றனர். பியானோ ஆலையில் பணியாற்றிய கவோரு இகெயா, தாமே உருவாக்கிய 20 செ.மீ. எதிரொளிப்புத் தொலைநோக்கியால் 1963 ஜனவரியில் தம் முதல் வால்மீனைக் கண்டபோது அவருக்கு வயது 19. தந்தையின் தொழில் நலிந்து குடும்பம் துன்புற்ற சூழலில் வளர்ந்தவர் அவர். கோச்சி நகரின் கிதார் ஆசிரியரான சுதோமு செகி 1961இல் தம் முதல் வால்மீனைக் கண்டிருந்தார்.

1965 செப்டம்பரில், புயல் கடந்து தெளிந்த ஒரு விடியற்பொழுதில், இவ்விருவரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏறத்தாழக் கால்மணி நேர இடைவெளியில் ஒரே வால்மீனைக் கண்டனர். அது சூரியனை உரசிச் செல்லும் கிராய்ட்ஸ் குழுவைச் சேர்ந்தது. அக்டோபர் 21 அன்று சூரியப் பரப்புக்கு மேல் ஏறத்தாழ 4,50,000 கி.மீ. தொலைவில் கடந்து, பகலிலும் புலனாகி, பின்னர்ச் சிதறியது. சூரிய வெப்பத்தில் அதிலிருந்து ஆவியான இரும்பு, நிக்கல் முதலிய உலோகங்களை நிறமாலை ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே செய்தி கிடைத்ததால்தான் உலக வான்காணகங்கள் இவ்வாய்வுகளுக்கு ஆயத்தமாக முடிந்தது. ஒருவர் முந்தினார், மற்றவர் பிந்தினார் என்று வழக்காடாமல், இகெயா–செகி என இருவர் பெயரையும் இணைத்தது அக்காலப் பெயரிடல் மரபின் நன்னெறி.

இதே மரபில் வந்த யூஜி ஹியாகுடாகே, 1996 ஜனவரி 30 அன்று பெரிய இருகண் நோக்கி ஒன்றால் தம் இரண்டாவது வால்மீனைக் கண்டார். ஐந்து வாரங்களுக்கு முன் கண்ட முதல் வால்மீனைத் தேடிச் சென்றவருக்கு, வானின் ஏறத்தாழ அதே பகுதியில் இது தென்பட்டது. மார்ச் 25 அன்று அது புவியிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி கி.மீ. தொலைவில் கடந்தது. கண்டறிதலுக்கும் இந்நெருக்கத்துக்கும் இடையே இருந்தது இரண்டே மாதம். அக்குறுகிய காலத்தில் திட்டமிடப்பட்ட நோக்கல்களின்போதுதான் வால்மீன்கள் எக்ஸ் கதிர்களை வெளியிடுகின்றன என்பது ரோசாட் செயற்கைக்கோளின் வழி முதன்முதலாகத் தெரியவந்தது.

தந்தியின் முடிவு

1995 ஜூலை 23 இரவு ஆலன் ஹேல் நியூ மெக்சிகோவிலும் தாமஸ் பாப் அரிசோனாவிலும் மெசியே 70 என்னும் கோளக விண்மீன்கொத்தின் அருகில் ஒரு மங்கிய பொருளைக் கண்டனர். ஹேல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பல நூறு மணி நேரம் வால்மீன் தேடிப் பயனின்றி விட்டிருந்தவர். பாப் கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்றின் பணியாளர். அன்றிரவு அவர் நோக்கியது நண்பரின் தொலைநோக்கியில். ஹேல் மின்னஞ்சல் அனுப்பினார். பாப் வீடு திரும்பித் தந்தி அனுப்பினார். தந்தி பணியகத்தை அடையுமுன் மின்னஞ்சல் சென்றடைந்து, பணி தொடங்கியிருந்தது. எனினும் வால்மீன் இருவர் பெயரையும் பெற்றது. அறிவிப்பின் வேகத்தை விடக் காணலின் தனித்தன்மைக்கு இங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. 1847ஆம் ஆண்டின் முதல் அஞ்சல் விதியோடு ஒப்பிடின் இம்மாற்றம் விளங்கும்.

கருவிகளின் பெயர்கள்

1998இல் லினியர் ஆய்வுத்திட்டம் முழுவீச்சில் இயங்கத் தொடங்கியது. தொடர்ந்து கேட்டலைனா, பான்–ஸ்டார்ஸ், அட்லஸ் முதலிய தானியங்கித் தொலைநோக்கித் திட்டங்கள் வானை இரவுதோறும் படம்பிடித்தன. இதனால் வால்மீன்கள் மங்கிய நிலையிலேயே கண்டறியப்பட்டன. அவை திட்டங்களின் பெயர்களையே பெற்றன. அவ்வாண்டே ஆர்வலர்களின் கண்டுபிடிப்புக்கென எட்கர் வில்சன் விருது நிறுவப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் ஆர்வலர்களுக்கு இடம் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. தானியங்கித் திட்டங்கள் சூரியனுக்கு அருகிலுள்ள அந்திவானத்தைப் போதிய அளவு நோக்குவதில்லை. அவ்விடைவெளியில் ஆர்வலர்கள் தேடினர். 2011 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் டெரி லவ்ஜாய் கிராய்ட்ஸ் குழு வால்மீன் ஒன்றைத் தரையிலிருந்து கண்டுபிடித்தார். டிசம்பரில் அது சூரியனை நெருங்கிச் சென்றும் முற்றிலும் அழியாமல் மீண்டது. 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில் கென்னடி போரிசோவ் தாமே உருவாக்கிய 65 செ.மீ. தொலைநோக்கியால் கண்ட பொருள், பிற விண்மீன் மண்டலத்திலிருந்து வந்ததாக உறுதிசெய்யப்பட்ட முதல் வால்மீன் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் ஹிதேயோ நிஷிமுரா சாதாரண ஒளிப்படக் கருவியால் விடியல் வானில் ஒரு வால்மீனைக் கண்டார்.

இவற்றுக்கு நேர்மாறான நிலை சோஹோ விண்கலத்தைச் சார்ந்தது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட அக்கலம் சூரியனைக் கண்காணிக்கும் நோக்கில் அமைந்தது. அதன் படங்கள் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டமையால், பல நாடுகளின் ஆர்வலர்கள் சூரியனை நெருங்கும் சிறு வால்மீன்களை அப்படங்களில் தேடினர். 2024 மார்ச்சில் இவ்வெண்ணிக்கை 5,000ஐ எட்டியது. வரலாற்றில் வேறெந்தக் கருவியும் இத்தனை வால்மீன்களைக் காட்டியதில்லை. இவற்றுட் பெரும்பாலானவற்றைப் படங்களில் இனங்கண்டவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்களே. ஆனால் அவ்வால்மீன்கள் அனைத்தும் ‘சோஹோ’ என்னும் பெயரையே தாங்குகின்றன. கண்டவரின் பெயர் திட்டத்தின் பதிவேட்டில் உள்ளது, வால்மீனில் இல்லை.

இவ்விதிக்கு நியாயம் உண்டு. படம் கருவியுடையது, ஒரே படத்தைப் பலர் ஒரே நேரத்தில் காண்கின்றனர், ஆயிரக்கணக்கான பொருள்களுக்குத் தனித்தனிப் பெயர் என்பது குழப்பத்துக்கே வழிவகுக்கும். எனினும் இதே தருக்கம் முழுமையாகப் பொருந்துமாயின், வான்காணகப் படத்தகடுகளை ஆராய்ந்து வால்மீன் கண்டவர்களுக்கும் முற்காலத்தில் பெயர் கிடைத்திருக்கக் கூடாது. பர்னார்டு 1892இல் நிழற்படத்தில் கண்ட வால்மீன் அவர் பெயரையே பெற்றது. படத்தை எடுத்தவரும் ஆராய்ந்தவரும் அவர் ஒருவரே என்பதே வேறுபாடு. கருவியை இயக்குதலும் படத்தைக் கண்ணுறுதலும் இருவேறு கைகளுக்குப் பிரிந்தபோது, பெயர் கருவியின் பக்கம் சென்றது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வால்மீன் கண்டுபிடிப்பு எக்காலத்திலும் தனியொருவரின் செயலாக முற்றுப்பெறவில்லை. காண்பவர், செய்தியைக் கொண்டுசேர்க்கும் வழி, அதை உறுதிப்படுத்தும் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அது நிறைவடைந்தது. இரண்டாவது, ஆர்வலருக்கு நேர்ந்த இழப்பு பெரும்பாலும் காணலில் நேரவில்லை, பின்னிரண்டிலேயே நேர்ந்தது. டெபட்டின் முதல் வால்மீனுக்குக் கடலும், மிட்செலுக்கு அஞ்சல் விதியும், டிரான்ஸ்வால் தொழிலாளர்களுக்கு அறிவியல் மொழியும் தடையாயின. மூன்றாவது, பெயரிடல் ஒவ்வொரு காலத்திலும் எவ்வகை உழைப்பு உயர்ந்ததெனக் கருதப்பட்டது என்பதன் பதிவாக உள்ளது. கணித்தவர், கண்டவர், கருவி என அம்மதிப்பு இடம்மாறி வந்திருக்கிறது.

ஊதியம் பெறாத உழைப்புக்கு வானியல் அளித்துவந்த ஒரே கைம்மாறு பெயர். பர்னார்டுக்குக் கிடைத்த வீடு விதிவிலக்கே. திறந்த தரவுகளும் இணையமும் மேலும் பலரைக் கண்டுபிடிப்புக்குள் கொண்டுவந்துள்ள இக்காலத்தில், அக்கைம்மாறு அருகி வருகிறது. தன்னார்வலரின் உழைப்பை வேண்டும் பிற துறைகளும், குறிப்பாகச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் மின்மயமாக்கும் பணிகளும், இதே வினாவை எதிர்கொள்கின்றன. கண்டவர் யார் என்று பதிவுசெய்வது எளிய செயல். அப்பதிவை எவ்விடத்தில் வைப்பது என்பதே ஒரு துறை தன் உழைப்பாளர்களை எவ்வாறு மதிக்கிறது என்பதைக் காட்டும்.